குளிர்காலப் பந்தியில் ஒரு பச்சை இலை

பனிக்காலம் பிறந்ததும் எம்மவரின் ஒன்றுகூடல்கள் பெருகிவிடுகின்றன. கோடையிலே பூங்காக்களும் ஏரிக்கரைகளும் எம்மைத் திசைக்கொருவராகப் பிரித்துவிடும். மார்கழியும் தையும் வந்தால், பாடசாலை விடுமுறை, பிறந்தநாள், பொங்கல், திவசம் என்று ஏதோவொரு காரணம் பற்றி நாற்பது ஐம்பது பேர் ஒரே வீட்டில் கூடிவிடுகின்றோம். வாசலிலே சப்பாத்துக்கள் குவிந்து கிடக்கும். கட்டிலின் மேல் குளிரங்கிகள் மலையாக எழும்பும். குசினியிலே சோறும் கறிகளும் அலுமினியத் தட்டுகளில் வரிசையாக வைக்கப்பட்டிருக்கும்.

அந்த வரிசையை ஒருமுறை நிதானமாக நோக்கினால் ஒன்று புலப்படும். ஆட்டிறைச்சிக் கறி உண்டு. கோழிப் பொரியல் உண்டு. உருளைக்கிழங்குப் பிரட்டல் உண்டு. வடையும் பாயாசமும் உண்டு. பச்சை இலையை மட்டும் காணோம். ஊரிலே வறையோ சுண்டலோ சம்பலோ இல்லாமல் மதியச் சோறு முடிந்த நாட்கள் மிகக் குறைவு. முருங்கை வேலியோரம் நின்றது. வல்லாரை கிணற்றடியில் படர்ந்தது. பொன்னாங்காணியும் முசுட்டையும் அகத்தியும் காசு கொடாமலே கைக்கு எட்டின. ஏழை வீட்டிலும் இலைக்கறிக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

இந்த இலை எங்கே தொலைந்தது? 1983ஆம் ஆண்டு ஆடிக்குப் பின்னர் கனடாவுக்கு வந்து சேர்ந்த எமது இளைஞர்களில் பலர், ஒரே அடுக்குமாடி வீட்டில் ஐவர் அறுவராய் வாழ்ந்தனர். பகலில் ஒருவன் உறங்க, இரவில் மற்றவன் உறங்க, இரண்டு வேலைகளுக்கிடையே சமைக்க முடிந்தது சோறும் கோழிக்கறியுமே. கீரை ஆய்வதற்கு நேரமும் இல்லை. ஆய்வதற்குக் கீரையும் இல்லை. அந்த அவசரச் சமையல் பின்னர் குடும்பங்களாகிய காலத்திலும் பந்திச் சமையலாக நிலைத்துவிட்டது. அன்றைய இளைஞர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டார்கள். சோற்றை அளந்து போடும்படி மருத்துவர் சொல்லாத வீடு எமது உறவுக்குள் அரிது. மறுபுறத்தில், இங்கே பிறந்த பிள்ளைகள் எமது பந்தியில் தமக்கு உண்ணத்தக்கது எதுவுமில்லை என்று பீற்சாப் பெட்டியைத் திறந்துகொண்டு வேறு மேசையில் அமர்கின்றனர். ஒரே வீட்டில் இரண்டு பந்திகள் நடக்கின்றன. இதனை ஒரு சிறு குறையென்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை.

இவ்விரண்டு பந்திகளையும் ஒருவாறு இணைக்கவல்லதாக நாம் கண்டது கேல் என்னும் கீரையைத்தான். சுருண்ட விளிம்பும் கடும்பச்சை நிறமும் கொண்ட இதனை அறியாதவர் இன்று இருக்கமாட்டார்கள். ஒரு காலத்தில் வட அமெரிக்க உணவகங்களில் தட்டை அலங்கரித்துவிட்டுக் குப்பைக்குப் போன இலை இது. 2010ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலேதான் இந்நாட்டவர் இதனைப் பச்சையாகவே உண்ணும் ஆர்வம் கொண்டு கொண்டாடத் தொடங்கினர். எமது இல்லத்தரசிகள் அதற்கும் முன்னரே முருங்கையிலைக்குப் பதிலாக இதனைத் தேங்காய்ப்பூவுடன் வறை வறுத்துப் பழகியிருந்தனர் என்பதைப் பெருமையுடன் இங்கே குறித்துவைக்கின்றோம்.

கேல் எமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. நாம் உண்ணும் கோவா, நோக்கோல், பூக்கோவா, புறோக்கோலி ஆகிய அனைத்தும் கேலும் தாவரவியலார் கணக்கில் ஒரே இனம். ஒன்றிலே இலை உருண்டது. ஒன்றிலே தண்டு பருத்தது. ஒன்றிலே பூ திரண்டது. கேலிலோ இலை விரிந்தபடியே நின்றுவிட்டது. பெயரிலும் உறவுண்டு. கோவா என்று ஈழத்தமிழர் வழங்கும் சொல் போர்த்துக்கேயரின் ‘கோவ்’ என்னும் சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் அச்சொல்லால் உருண்ட கோவாவையும் குறிப்பர். கேலைப் போன்ற விரிந்த இலையையும் குறிப்பர். 1619ஆம் ஆண்டு யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றி, 1658இல் ஒல்லாந்தரிடம் இழக்கும்வரை ஆண்ட அவர்கள், குசினி, பாண், கதிரை, அன்னாசி ஆகிய சொற்களோடு இதனையும் எம்மிடம் விட்டுச் சென்றனர். சலாது என்ற சொல்லும் அவ்வழி வந்ததே. ஆகவே, ‘கேல் சலாட்’ என்று பிள்ளைகள் சொல்லும்போது எமது பாட்டிமார் அறியாத மொழியைப் பேசுகிறார்கள் என்று எண்ணவேண்டியதில்லை.

குளிர்காலப் பந்திக்கு இவ்விலை பொருந்துவதற்கு இயற்கையும் ஒரு காரணத்தைத் தந்திருக்கின்றது. ஐப்பசியில் முதல் உறைபனி விழுந்ததும் எமது கொல்லைப்புறத்திலே தக்காளியும் மிளகாயும் ஒரே இரவில் கருகிவிடும். கேல் கருகுவதில்லை. குளிர் கூடக் கூட, தன் உயிரணுக்களிலே அது சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கின்றது. சர்க்கரை கரைந்த நீர் எளிதில் உறைவதில்லை அல்லவா? தன்னைக் காப்பதற்காகச் செடி செய்யும் இச்செயலே எமக்கு இலையின் இனிப்பாகக் கிடைக்கின்றது. ஆடி ஆவணியில் கைக்கும் அதே கேல் கார்த்திகையில் தித்திக்கும்.

ஆயினும், பச்சையாக உண்பதென்றால் ஒரு தடை உண்டு. இலை தடித்தது; மெழுகு பூசியது போன்றது; வாயில் போட்டால் கடதாசியை மெல்லுவது போலிருக்கும். 1994ஆம் ஆண்டு எம்முடன் வந்து சேர்ந்த எமது தாயார், இதனைப் பச்சையாக அரிந்து தட்டில் வைத்தபோது, “ஆட்டுக்குப் போடுறதை எனக்குப் போடுறியளோ?” என்று கேட்டார். சிறிது நேரம் அதனைப் பார்த்துவிட்டு, உப்பும் தேசிக்காய்ப்புளியும் கேட்டு வாங்கி, வல்லாரைச் சம்பலுக்குப் போல நுண்ணிதாய் அரிந்து கையாற் பிசையத் தொடங்கினார். ஐந்து நிமிடத்தில் இலை இளகியது. பின்னாளில் இந்நாட்டுச் சமையல் நூல்கள் கேலைப் ‘பிசையும்’ முறையைப் புதுமையாக எடுத்துரைத்தபோது நாம் எமக்குள் சிரித்துக்கொண்டோம்.

பிசைவதன் பயன் யாதெனில், இலையின் உயிரணுச் சுவர்கள் நைந்து உடைகின்றன. உப்பு நீரை வெளியே இழுக்கின்றது. புளி இலையை மென்மையாக்கி, கைப்பையும் அடக்குகின்றது. எண்ணெய் மெழுகுப் படையுடன் ஒட்டிக்கொள்வதால் சுவை இலையில் நிற்கின்றது. வெறும் புளித்தண்ணீரை ஊற்றினால் அது தாமரை இலையில் நீர் போல உருண்டு தட்டின் அடியில் தேங்கிவிடும்.

இனிச் செய்முறையைக் கூறுகின்றோம். ஏறக்குறைய 20 பேருக்கு 4 கட்டுக் கேல் போதும். நடு நரம்பை ஒரு கையாற் பிடித்து, மறுகையால் இலையை உருவி எடுக்கவேண்டும். நரம்பை எறியவேண்டாம், பொடியாக வெட்டிப் பருப்புக்குள் போடலாம். சுருட்டை இலைக்குள் பூச்சிகள் ஒளிந்திருக்குமாதலால், உப்புக் கரைத்த குளிர்நீரில் 10 நிமிடம் ஊறவிட்டு, இரண்டு மூன்று தண்ணீரில் அலசவேண்டும். பின்னர் சுத்தமான துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தவேண்டும். ஈர இலையில் எண்ணெய் பிடிக்காது.

உலர்ந்த இலைகளை அடுக்கிச் சுருட்டி, புகையிலை அரிவது போல மெல்லிய இழைகளாக அரியவேண்டும். அகன்ற பாத்திரத்தில் இட்டு, ஒரு கட்டுக்கு அரைத் தேக்கரண்டி உப்பு, 1 மேசைக்கரண்டி எண்ணெய், 1 மேசைக்கரண்டி தேசிக்காய்ப்புளி என்ற கணக்கில் சேர்த்து, இரு கைகளாலும் 3 முதல் 5 நிமிடம் பிசையவேண்டும். இலை கடும்பச்சையாகி, பளபளத்து, பாதியளவாகக் குறுகும்போது நிறுத்திவிடலாம். அதற்கு மேலும் பிசைந்தால் குழைந்துவிடும். அரைமணி நேரம் அப்படியே வைத்துவிட்டு உப்புப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இந்த இடத்தில் பாத்திரத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பாதியில் சின்ன வெண்காயம், பச்சைமிளகாய், சிறிது மிளகுதூள், தேங்காய்ப்பூ ஆகியவற்றைச் சேர்த்தால் அது சம்பல். முதியோருக்கு அது ஊரின் சுவை. மறுபாதியில் மெல்லியதாய்ச் சீவிய அப்பிள், மாதுளை முத்துக்கள், வறுத்த கஜு அல்லது கச்சான், உலர்ந்த கிரான்பெரிப் பழம் ஆகியவற்றைச் சேர்த்தால் அது சலாட். பிள்ளைகளுக்கு அது பழகிய சுவை. கச்சானும் கஜுவும் ஒவ்வாதவர்கள் இருப்பின், அவற்றைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். பந்தியில் இரண்டும் அருகருகே இருக்கட்டும். சிறிது நேரத்தில் பிள்ளைகள் சம்பலையும், பெரியவர்கள் சலாட்டையும் சுவை பார்ப்பதை நாம் பலமுறை கண்டிருக்கின்றோம்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு இதில் ஒரு வசதியும் உண்டு. சலாது இலை புளி பட்டதும் துவண்டுவிடும். கேல் அப்படியன்று. முதல்நாள் இரவு பிசைந்து மூடி, குளிர்ப்பெட்டியில் வைத்தால் மறுநாள் இன்னும் மிருதுவாகும். தேங்காய்ப்பூவையும் பழங்களையும் மட்டும் பரிமாறும் வேளையில் சேர்த்தாற் போதும். தேங்காய் சூடான அறையில் நெடுநேரம் இருந்தால் பழுதாகிவிடும் என்பதை எல்லோரும் அறிவோம்.

ஓர் எச்சரிக்கையையும் கூறாமல் விடுவதற்கில்லை. கேலில் விற்றமின் கே மிக அதிகம். அது இரத்தம் உறைவதற்கு உதவும் சத்து. இதய நோய் காரணமாக வார்பரின் என்னும் மருந்தை உட்கொள்வோர், நல்ல இலையென்று எண்ணித் திடீரென அளவைக் கூட்டினால் மருந்தின் வேலை குறைந்துவிடும். அத்தகையோர் மருத்துவரிடம் கேட்டு, நாளாந்த அளவை ஒரே சீராக வைத்துக்கொள்ளவேண்டும். மருந்தைப் பற்றி முதியவர்களிடம் கேட்டறிந்து பரிமாறுவது விருந்தளிப்போரின் கடமை.

எமது தாயார் 2013ஆம் ஆண்டின் இறுதியில், ரொறன்ரோவை உறைமழை மூடி, பல்லாயிரம் வீடுகள் மின்சாரமின்றி இருளில் கிடந்த அந்த மார்கழியில் காலமானார். முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியத்துக்கு, அவருக்கு விருப்பமானவற்றைச் சமைத்துப் படைக்கவேண்டும் என்று பட்டியலிட்டோம். முதலாவதாக எழுதப்பட்டது வல்லாரைச் சம்பல். தமிழ்க் கடைகள் எல்லாவற்றிலும் தேடியும் அவ்வாரம் வல்லாரை வரவில்லை. வெளியிலே எலும்பை உறைய வைக்கும் குளிர். கடையில் இருந்தது கேல் மட்டுமே.

வாங்கி வந்துவிட்டோம், படைப்பதா விடுவதா என்பதில் வீட்டுக்குள் இரண்டு கட்சிகள். ஊர் வழக்கத்தில் இல்லாத இலையைப் படையலில் வைக்கலாமா என்று சிலர் தயங்கினர். இல்லாத ஒன்றுக்காக ஏன் அழவேண்டும் என்று இளையவர்கள் கேட்டனர். பேச்சு சற்றுச் சூடாகியது. ஒரு மூலையில் கம்பளி போர்த்தபடி அமர்ந்திருந்த பெரியம்மா, தம் தங்கையின் படத்தைப் பார்த்தவாறே சொன்னார்: “அவள் இருபது வருசம் இந்தக் குளிருக்குள்ளை இருந்தவள். இந்த மண்ணின்ரை இலையைத் திண்டவள். தன்ரை கையாலை பிசைஞ்சு பிள்ளையளுக்கும் குடுத்தவள். வையுங்கோ பிள்ளையள்.”

அதற்குப் பின் எவரும் மறுத்துப் பேசவில்லை. வெண்காயம் சேர்க்காமல், உப்பும் புளியும் தேங்காய்ப்பூவும் மட்டும் சேர்த்து, பேத்தி ஒருத்தி அதனைப் பிசைந்தாள். தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசும் அப்பிள்ளையின் கைகள் மட்டும் எவ்விதத் தடுமாற்றமுமின்றித் தன் பாட்டியின் பக்குவத்தில் நின்றன. வாழையிலையின் ஓரத்திலே, சோற்றுக்கும் பருப்புக்கும் பக்கத்தில், கடும்பச்சையாய் அது அமர்ந்தது.

வழக்கம் என்பது ஒரு நாளில் வானத்திலிருந்து இறங்கியதன்று. வேலியோரம் நின்ற முருங்கையைக் கொண்டு எமது முன்னோர் ஒரு வழக்கத்தை உண்டாக்கினர். உருளைக்கிழங்கும் மிளகாயும் தக்காளியும் கடல் கடந்து வந்தவையே. இன்று அவையின்றி எமக்குச் சமையலே இல்லை. ஏதிலிகளாய் வந்த நாம், கையில் அகப்பட்ட இலையை எமது கைப்பக்குவத்துக்குள் கொண்டுவந்தால், அதுவும் நாளடைவில் எமதாகும். இலையின் பெயர் மாறலாம். பிசையும் கை மாறாமல் பார்த்துக்கொள்வதே எமது பொறுப்பு.

வரும் விடுமுறை ஒன்றுகூடலுக்கு நான்கு கட்டுக் கேல் வாங்குங்கள். அதனைப் பிசையும் வேலையை வீட்டிலுள்ள இளையவரிடம் கொடுங்கள். உப்புப் பார்க்கும் வேலையை மூத்தவரிடம் கொடுங்கள். வெளியே பனி கொட்டினாலும், அந்த அரைமணி நேரம் இருவரும் ஒரே மேசையில் அமர்ந்திருப்பார்கள்.