பிரிண்டருக்கு ஒரு நிலையான முகவரி

திங்கள்

ஜூலை வந்தால் ஆடிட்டர் அலுவலகத்தில் காகிதத்துக்கு ஓய்வில்லை. 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி, 31ஆம் தேதிக்குள் தனிநபர் வருமான வரிக் கணக்கு. தாக்கல் எல்லாம் இணையத்தில்தான் என்றாலும், பார்ட்டி என்று நாங்கள் சொல்லும் வாடிக்கையாளர் கையெழுத்துப் போட ஒரு நகல், கோப்பில் சேர்க்க ஒரு நகல் என்று பிரிண்டர் ஓடிக்கொண்டே இருக்கும். திருச்சி தில்லைநகரில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில் அந்த லேசர் பிரிண்டர் டைப்பிங் அக்காவின் கணினியோடு யுஎஸ்பி கேபிளில் இணைந்திருக்கிறது. மற்றவர்கள் எல்லோரும் அவர் கணினி வழியாகத்தான் அச்செடுக்கிறோம். அது அணைந்தால் அச்சுவேலை மொத்தமும் நிற்கும்.

இன்று மாலை மகளின் பள்ளிக்கூடக் கூட்டத்துக்காக அக்கா சீக்கிரம் கிளம்பினார். “கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிடாதீங்கக்கா” என்று சுற்றியிருந்த மேசைகளிலிருந்து குரல் வந்தது. கடவுச்சொல்லையும் துண்டுச் சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனார். பார்ட்டிகளின் பான் எண்ணும் வங்கி விவரமும் உள்ள கணினி அது. எனக்கு மனசு கேட்கவில்லை. ஆடிட்டர் சாரிடம் போய், “பிரிண்டரை நெட்வொர்க்ல போட்டுடலாம் சார்” என்றேன். “20ஆம் தேதி நெருங்குதேப்பா, இந்த வாரத்துக்குள்ள முடியுமா?” என்றார். முடித்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

எல்லோருக்கும் பொதுவான ஒரு பொருள் ஒருவர் மேசையை நம்பியிருக்கக் கூடாது. இந்த வாரம் நான் செய்யப்போகும் வேலையின் முழு நோக்கமும் இதுதான்.

செவ்வாய்

வைஃபையா, கேபிளா என்று ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சியில் இருக்கும் தம்பி கேட்டான். பிரிண்டர் இடம் மாறாத பொருள். சுவிட்ச் பத்தடி தூரத்தில் இருக்கிறது. கேபிள்தான் என்றேன். வைஃபையில் போட்டால் ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றும்போதெல்லாம் பிரிண்டரின் சின்னத் திரையில் ஒவ்வோர் எழுத்தாக அதைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். பல பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான் பிடிபடும். 5 கிகாஹெர்ட்ஸ் தெரியவே தெரியாது.

கேபிளைச் செருகி, மெனுவிலிருந்து நெட்வொர்க் அறிக்கையை அச்செடுத்தோம். இந்த வேலையில் முதலில் படிக்க வேண்டியது அந்த ஒற்றைத் தாளைத்தான். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கியிருந்தது. தம்பி, “முகவரி வந்துடுச்சுண்ணே” என்றான். வரவில்லை. ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காத கருவி தனக்குத் தானே வைத்துக்கொள்வது அது. அந்த எண்ணைப் பார்த்தால் மென்பொருளைக் குடைய வேண்டாம். கேபிளைப் பார்க்க வேண்டும். சுவிட்சில் அந்தத் துளையின் விளக்கு எரியவில்லை. சுவரோரம் வந்த பழைய கேபிளின் முனையில் கிரிம்பிங் தளர்ந்திருந்தது. முனையை வெட்டிப் புது ஆர்ஜே-45 போட்டதும் விளக்கு எரிந்தது. மறுபடி அறிக்கை எடுத்தோம்: 192.168.1.7.

பல அலுவலகங்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. இந்த 7 நிலையானது அல்ல. டிஎச்சிபி என்ற முறையில் ரவுட்டர் ஒரு காலக்கெடு வைத்துக் கொடுக்கும் முகவரி அது. லேசர் பிரிண்டர் சூடேறும்போது அதிக மின்சாரம் இழுக்கும் என்பதால் அதை யுபிஎஸ்ஸில் போடுவதில்லை. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும் நாளில் கணினிகள் யுபிஎஸ்ஸில் விழித்திருக்க, பிரிண்டர் மட்டும் அணைந்துவிடும். அதன் கெடு முடிந்து, அந்த எண் வேறொருவரின் செல்பேசிக்குப் போய்விட்டால், திரும்பி வரும் பிரிண்டருக்கு வேறு எண் கிடைக்கும். கணினிகளோ பழைய கதவு எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும். திரையில் ‘ஆஃப்லைன்’ என்று வரும். பிரிண்டரில் எந்தக் கோளாறும் இருக்காது. வீடு மாறியது யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

இதற்கு இரண்டு வழி. பிரிண்டரிலேயே எண்ணைக் கையால் பதிக்கலாம். அல்லது ரவுட்டரில், பிரிண்டரின் மாறாத அடையாளமான இந்த மேக் முகவரிக்கு எப்போதும் இந்த எண்தான் என்று ஒதுக்கி வைக்கலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். எந்த எண் யாருக்கு என்ற கணக்கு முழுவதும் ஒரே இடத்தில் இருக்கும். ரவுட்டர் தானாக வழங்கும் எண்களை 100க்கு மேல் தள்ளிவிட்டு, பிரிண்டருக்கு 192.168.1.50 என்று ஒதுக்கினேன்.

புதன்

கணினிகளில் பிரிண்டரைச் சேர்த்த நாள். விண்டோஸ் தானாகத் தேடிக் கண்டுபிடித்து, ‘டபிள்யூஎஸ்டி’ என்ற போர்ட்டில் சேர்த்துக்கொள்ளப் பார்க்கும். சேர்ப்பது சுலபம். பின்னாளில் கண்டுபிடிக்க முடியாமல் விழிப்பதும் அதுவேதான். அதனால் எல்லாக் கணினியிலும் கையாலேயே டிசிபி/ஐபி போர்ட் உருவாக்கி, நேற்று ஒதுக்கிய எண்ணைக் கொடுத்தேன்.

தம்பிக்கு மூன்று எண்களைச் சொல்லிக்கொடுத்தேன். 9100, 515, 631. அச்சுக்கான தரவை அப்படியே கொட்டும் வாசல் 9100. யூனிக்ஸ் உலகிலிருந்து வந்த பழைய எல்பிடி முறைக்கு 515. அதன் விவரம் 1990இல் ஆர்எஃப்சி 1179 ஆவணமாக வந்தது. ஐபிபி என்ற புதிய முறைக்கு 631. பிரிண்டரிடம் “உன்னிடம் என்ன அளவுத் தாள் இருக்கிறது, இருபுறமும் அச்சடிப்பாயா” என்றெல்லாம் கணினி கேட்டுத் தெரிந்துகொள்ள ஐபிபி வழி செய்கிறது. ஐபேடிலிருந்து அச்செடுக்க 2010இல் வந்த ஏர்பிரிண்டும் இதன் மேல் நிற்பதுதான். சாரின் ஐபேடில் டிரைவர் எதுவும் போடாமலே அச்சு வந்தது.

ஒரு கணினியில் மட்டும் அச்சு நன்றாக வந்தும் ‘ஆஃப்லைன்’ என்றே காட்டியது. எஸ்என்எம்பி வழியாகக் கணினி நிலவரம் கேட்கிறது, பதில் போய்ச் சேரவில்லை. போர்ட் அமைப்பில் எஸ்என்எம்பிக்கான டிக் குறியை எடுத்ததும் சரியாயிற்று. இன்னொன்றில் தாளின் அளவு ‘லெட்டர்’ என்று இருந்தது. ஏ4 தட்டில் இருக்க, லெட்டர் தாள் வேண்டுமென்று பிரிண்டர் காத்துக்கொண்டு நிற்கும். பின்னால் வரிசையில் இருப்பவர்களின் வேலையும் நிற்கும். எல்லாக் கணினியிலும் ஏ4 என்று மாற்றினேன்.

வியாழன்

அக்கா ஒரு தாளை நீட்டினார். பார்ட்டிக்கு வானவில் எழுத்துருவில் அடித்த கடிதம். திரையில் அழகான தமிழ். தாளில் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குழம்பிக் கிடந்தது. “நம்ம தமிழ் மட்டும் இதுக்குப் புரியாதா தம்பி?” என்றார்.

யூனிகோடு அல்லாத பழைய தமிழ் எழுத்துருக்களில் ‘அ’ என்பது கணினியைப் பொறுத்தவரை ஏதோ ஓர் ஆங்கிலக் குறிதான். எழுத்துருவின் வடிவம்தான் அதைத் தமிழாகக் காட்டுகிறது. டிரைவர் அந்த வடிவத்தை அனுப்பாமல் பிரிண்டரில் உள்ள எழுத்துருவைப் போட்டுக்கொண்டால் தமிழ் மறைந்து குறி மட்டும் மிஞ்சும். டிரைவரின் மேம்பட்ட அமைப்பில், எழுத்துருக்களை பிட்மேப்பாக அனுப்பும்படி மாற்றினேன். கடிதம் முழுத் தமிழில் வந்தது. பிடிஎஃப் கோப்பு என்றால் ‘படமாக அச்சிடு’ என்ற தேர்வு இதே பலனைத் தரும். புதிய கடிதங்களை யூனிகோடிலேயே அடிப்பது என்றும் பேசி முடிவெடுத்தோம். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரப்பாடாக ஏற்றுக்கொண்டதே. தமிழில் ஒரு கடிதம் அச்சாகி வரும்வரை பிரிண்டர் அமைப்பு முடிந்ததாக நம் ஊரில் யாரும் சொல்லக் கூடாது.

வெள்ளி

ஸ்கேன் செய்த தாள் நேரே கணினியின் ஃபோல்டருக்குப் போக வேண்டும் என்றார் சார். பழைய பிரிண்டர்கள் எஸ்எம்பி-1 என்ற முறையில் மட்டுமே கோப்பை அனுப்பும். 2017 மே மாதம் உலகை உலுக்கிய வான்னாகிரை என்ற பணப்பறிப்பு நிரல் புகுந்தது அந்த முறையின் ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் பிற்பகுதியிலிருந்து விண்டோஸ் 10 அதைத் தானாக நிறுவுவதில்லை. அதைத் திரும்ப இயக்கினால் வேலை நடந்துவிடும் என்று பலரும் சொல்வார்கள். பார்ட்டிகளின் கணக்கு இருக்கும் இடத்தில் நான் அதைச் செய்ய மாட்டேன். பிரிண்டரின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்ததும் எஸ்எம்பி-2 வந்தது. ஸ்கேன் போய்ச் சேர்ந்தது.

பிறகு பிரிண்டரின் வலைப்பக்கத்தைத் திறந்து, நிர்வாகக் கடவுச்சொல் வைத்து, டெல்நெட், எஃப்டிபி இரண்டையும் மூடினேன். ரவுட்டரில் 9100 வெளியே திறந்திருக்கிறதா என்றும் பார்த்தேன். 2018 இறுதியில், இணையத்துக்குத் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான பிரிண்டர்களில் முகம் தெரியாத ஒருவர் ஒரு யூடியூப் சேனலுக்கு விளம்பரம் அச்சடித்தார். ஆடிட்டர் அலுவலகத்து வேலை ஓடும் பிரிண்டர் அப்படித் திறந்து கிடக்கலாகாது.

சனி

இன்று ஒரு பழைய பிரிண்டர் கதை நினைவுக்கு வந்தது. 1980 வாக்கில் எம்ஐடியின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்கூடத்தில், பிரிண்டரில் தாள் சிக்கினால் காத்திருப்போருக்குச் செய்தி போகும்படி நிரலை மாற்றி வைத்திருந்தார்கள். புது லேசர் பிரிண்டர் வந்தது. மூல நிரல் வரவில்லை. அங்கே நிரலாளராக இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மனால் அந்த வசதியைச் சேர்க்க முடியவில்லை. 1983இல் அவர் க்னூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் இருந்த காரணங்களில் அந்த அனுபவமும் ஒன்று. பிரிண்டர் தூரத்தில் இருந்தால் அதன் நிலவரம் தெரிவதும் அச்செடுப்பதைப் போலவே முக்கியம் என்பதை அவர்கள் அன்றே உணர்ந்திருந்தார்கள்.

அதனால் டோனர், தாள், சிக்கல் எல்லாம் தெரியும் அந்த வலைப்பக்கத்துக்கு எல்லாத் திரைகளிலும் ஒரு குறுக்குவழி வைத்தேன். ஐபி எண், மேக் முகவரி, சுவிட்சில் எந்தத் துளை, டிரைவரின் பெயர், எழுத்துரு அமைப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையிலிட்டு பிரிண்டர் பக்கத்தில் ஒட்டினேன். நிர்வாகக் கடவுச்சொல் சாரின் பூட்டிய அலமாரியில்.

புது மடிக்கணினி ஒன்று வந்திருந்தது. அதில் பிரிண்டரைச் சேர்க்கும் வேலையை அக்காவிடம் கொடுத்தேன். ஒட்டிய தாளைப் பார்த்துப் பார்த்து அவரே போர்ட்டை உருவாக்கி, எண்ணைக் கொடுத்து, தமிழில் ஒரு பக்கம் அச்செடுத்தார். “இவ்வளவுதானா தம்பி?” என்றார். இவ்வளவுதான். ஓர் அலுவலகத்தின் கருவியை அங்கே வேலை செய்யும் எவரும் சேர்க்கவும் சரிபார்க்கவும் முடிய வேண்டும். அதற்கான விவரம் ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தால், கேபிளை எவ்வளவு நன்றாக இழுத்திருந்தாலும் வேலை பாதியில்தான் நிற்கிறது. அடுத்த வாரம் ஸ்கேன் ஃபோல்டர் அமைப்பைத் தம்பி இதேபோல் ஒரு தாளில் எழுத வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.