மொத்தமா ஏத்தாதீங்க பாஸ்!

ஃபைனல் இயர் புராஜெக்ட் முடிஞ்ச ராத்திரி எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்லணுமா என்ன? வைவா முடிஞ்சாச்சு, ரெக்கார்டு நோட்டைத் தூக்கிப் போட்டாச்சு. அந்தக் குஷியிலதான் நாங்க 4 பேரும் அந்தத் தப்பைப் பண்ணினோம்.

எங்க புராஜெக்ட் ஒரு தமிழ்ச் சொல் விளையாட்டு. பக்கத்து ஊர் பள்ளிக்கூடத்துல 40 பிள்ளைகளை விளையாட வச்சுப் பார்த்தோம். அவங்க போட்ட சத்தத்தைக் கேட்டதும் எங்களுக்கு ஒரே பெருமை. 'இது நம்ம லேப்லயே தூங்க வேண்டாம், யார் வேணும்னாலும் எடுத்துக்கட்டும்' என்று முடிவு செய்து, மொத்த ஃபோல்டரையும் அப்படியே கிட்டில் போட்டு இணையத்தில் ஏற்றிவிட்டோம்.

மறுநாள் காலையில் சீனியர் அக்காவிடமிருந்து போன். "டேய், அந்தப் பிள்ளைங்க பேரு, வீட்டு போன் நம்பர் எல்லாம் உள்ளே கிடக்குதுடா!"

விளையாட வந்த பிள்ளைகளின் பட்டியல். ஓரமாகக் கிடந்த ஒரு எக்ஸெல் ஃபைல். வயிற்றில் புளியைக் கரைத்தது. அவசரமா அழிச்சுட்டு, "போயிடுச்சுக்கா"ன்னு சொன்னேன். "அழிச்சா போயிடுமா?" என்றார் அக்கா.

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறோம். கிட் எல்லா மாற்றத்தையும் ஞாபகம் வைத்திருக்கும். இன்று நீக்கிய ஃபைல் நேற்றைய பதிவில் பத்திரமாக இருக்கும். பழைய வரலாற்றையே திருத்தி எழுதினாலும், அதற்குள் யாராவது பிரதி எடுத்திருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டும் கூடவே போயிருந்தது. அதை மாத்திடலாம். 40 வீட்டு போன் நம்பரை யார் மாத்துறது?

எல்லாத்தையும் இறக்கிட்டு, ஒவ்வொரு வீட்டுக்கா போன் பண்ணி நாங்களே விஷயத்தைச் சொன்னோம். ஒரு அம்மா திட்டலை. "எங்க நம்பர் உங்களுக்கு எதுக்கு தம்பி?" என்று மட்டும் கேட்டார். பதில் இல்லை. உண்மையில் எங்களுக்கு அது தேவையே இல்லை.

அன்னிக்குச் சாயங்காலம் அக்கா எங்களை உட்கார வைத்து டெபியன் கதையைச் சொன்னார். 1993-ல் இயான் மர்டாக் தொடங்கிய லினக்ஸ் தொகுப்பு அது. நடத்துவது தன்னார்வலர்கள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று 1997-லேயே விதி எழுதி வைத்துவிட்டார்கள். 'சும்மா கிடைக்குது' என்பது அங்கே செல்லாது. எடுக்க, திருத்த, அடுத்தவருக்குக் கொடுக்க உரிமை இருக்கணும். மூல நிரலும் இருக்கணும். எழுத்துரு, படத்துக்கும் இதே கதைதான். தேறாதவை தனிப் பிரிவுக்குப் போகும்.

இந்தக் கறாருக்கு விலையும் கொடுத்தார்கள். வைஃபை கருவிகள் பலவற்றுக்குத் தேவையான ஃபர்ம்வேர் இந்த விதியில் தேறாது. அதனால் புதுசா நிறுவுறவங்க பலர் நெட் கிடைக்காமல் திண்டாடினார்கள். விவாதித்து, 2022-ல் ஓட்டுப் போட்டு, நிறுவும்போதே அதைச் சேர்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். 2023-ல் வந்த டெபியன் 12-ல் அதற்கென்றே தனிப் பிரிவு. விதியை வளைத்ததைக்கூட ஒளிக்காமல், பெயர் ஒட்டி வைத்தார்கள்!

இப்போ எங்க ஃபோல்டரைத் திறந்தோம். அழகான அந்தத் தமிழ் ஃபான்ட்? 'சொந்த உபயோகத்துக்கு மட்டும்' என்று போட்டிருந்தது. வெளியே! பதிலுக்குத் திறந்த உரிமத்தில் கிடைக்கும் நோட்டோ சான்ஸ் தமிழ். நெட்டில் சுட்ட யானை, குதிரைப் படங்கள்? உரிமம் எதுவும் எழுதாமல் இருந்தால் 'யாரும் எடுத்துக்கலாம்' என்று அர்த்தம் இல்லையாம். அதுவும் வெளியே. ரூம்மேட் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து புதுசா வரைஞ்சான். அவன் யானை பன்றி மாதிரி இருந்தது. ஆனா அது எங்க யானை! கம்ப்யூட்டர் தானாகவே மறுபடி உருவாக்கிக்கொள்ளும் ஃபைல்களும் போயின.

தூக்கி எறிந்தது பாதிதான் பாஸ். உள்ளே இருக்க வேண்டிய இரண்டு ஃபைல் இல்லவே இல்லை. ஒன்று, உரிமம். இன்னொன்று, 'இதை எப்படி ஓட்டுவது' என்ற குறிப்பு. அவை இல்லாமல் வேறொருத்தர் எடுத்து என்ன செய்வார்?

நாளைக்கு நீங்களும் ஒரு புராஜெக்டை ஊருக்குக் கொடுக்கப் போறீங்க. தாராளமா கொடுங்க! பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஃபைலையும் திறந்து மூணு கேள்வி கேளுங்க. இதைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கா? வாங்குறவருக்கு இது தேவையா? இதனால யாருக்காவது கஷ்டம் வருமா?

எங்க விளையாட்டு இப்போ மறுபடியும் இணையத்தில் இருக்கு. யாரோட போன் நம்பரும் இல்லாமல், பன்றி மாதிரி ஒரு யானையோட!