வீட்ல ஓடுச்சு சார்!

கடைசி வருஷ புராஜெக்ட் டெமோவில் அடிக்கடி காதில் விழும் வசனம் இது. சொல்லும் பையன் பொய் சொல்லவில்லை. வீட்டில் நிஜமாகவே ஓடியிருக்கும். என்ன செய்ய, ஒரு செமஸ்டர் உழைப்புக்கு எக்ஸ்டர்னல் மார்க் போடுவது லேபில் அந்தப் பத்து நிமிஷத்தைப் பார்த்துத்தான்.

பல நேரம் கோடில் தப்பே இருக்காது. தப்பு எல்லாம் எடிட்டர் செட்டிங்கில். விஷுவல் ஸ்டுடியோ கோட் அடிப்படையில் ஒரு டெக்ஸ்ட் எடிட்டர்தான். அதற்கு ஜாவா சொல்லிக்கொடுப்பது ரெட் ஹேட்டின் எக்ஸ்டென்ஷன். அதற்குள் உட்கார்ந்து ஆணி பிடுங்குவது எக்லிப்ஸின் ஜாவா இன்ஜின்! (எக்லிப்ஸ் ரொம்ப கனம் என்று ஓடி வந்தவர்கள் கவனிக்கவும்.)

முதல் சொதப்பல், தப்பான ஃபோல்டரைத் திறப்பது. புராஜெக்ட் ஃபோல்டருக்குப் பதில் அதற்கு மேலே இருப்பதைத் திறந்தால், பேக்கேஜ் வரியின் கீழ் சிவப்புக் கோடு விழும். உடனே பேக்கேஜ் வரியையே அழித்துவிடும் புண்ணியவான்கள் உண்டு. சரியான ஃபோல்டரைத் திறந்தால் கோடு தானாகப் போய்விடும்.

அடுத்தது ஜார். இதுதான் ஆளைக் கவிழ்ப்பது. மைஎஸ்க்யூஎல் கனெக்டர் ஜார் டவுன்லோட்ஸில் கிடக்கும். அங்கிருந்தே சேர்த்தால் டிரைவ் எழுத்தோடு முழு முகவரியும் செட்டிங்ஸ் கோப்பில் ஏறிவிடும். லேப் கணினியில் அந்த முகவரியில் யார் இருப்பார்கள்? கொடுமை என்னவென்றால் கம்பைல் ஒழுங்காகவே ஆகும். டேட்டாபேஸ் இணைப்புக்கான இன்டர்ஃபேஸ்கள் ஜாவாவிலேயே இருப்பதால் கம்பைலருக்குக் குறை தெரியாது. டிரைவரைத் தேடுவது ரன் ஆகும்போதுதான், அதாவது எக்ஸ்டர்னல் முன்னால்! மேவன், கிரேடில் எதுவும் இல்லாத புராஜெக்டில், உள்ளேயே 'லிப்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு ஜாரை அதில் வைத்தால் போதும். எக்ஸ்டென்ஷன் தானாக எடுத்துக்கொள்ளும். புராஜெக்ட் போகும் இடமெல்லாம் ஜாரும் கூடவே போகும்.

கடைசியாக வெர்ஷன். வீட்டில் ஜாவா 21, லேபில் 8 என்று வையுங்கள். வீட்டில் கம்பைல் செய்த கிளாஸ் கோப்பின் எண் 65. ஜாவா 8-க்கு 52 வரைதான் புரியும். நேராகக் கையை விரித்துவிடும். இதற்கு வீட்டிலும் ஜேடிகே 8-ஐப் போட்டு, செட்டிங்ஸில் ரன்டைம்கள் பகுதியில் அதையே டிஃபால்ட் ஆக்க வேண்டும். அங்கே பெயர் 'ஜாவாஎஸ்இ-1.8' என்றுதான் இருக்க வேண்டும், வெறும் 8 என்று போட்டால் ஏற்காது. 9-லிருந்து அந்த 1 கிடையாது. (ஏன் இந்தக் குழப்பம் என்று ஜாவாக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.) எக்ஸ்டென்ஷன் ஓடுவதற்குப் புது ஜாவா வேண்டும், ஆனால் அது வேறு, புராஜெக்டின் ஜாவா வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்து ஜேடிகே-யை மாற்றி மாற்றி இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

இப்படி மாற்றியதும் கோடில் 'வார்' என்று எழுதிய இடமெல்லாம் சிவப்பாகும், ஏனென்றால் அது ஜாவா 10-ல் வந்தது. ஆகட்டும். வீட்டில்தானே!