காற்று வரும் பக்கம் கீல்

எங்கள் வீட்டு வாசல் மேற்குப் பார்த்தது. ஜூன் பிறந்துவிட்டால் ஓசூரில் காற்று அந்தப் பக்கமிருந்துதான் வரும். ஆடி முடியும்வரை சாரல் நிலைப்படி தாண்டிக் கூடத்துக்குள் தெறிக்கும். மழை விட்டால் கொசு. அதனால் கதவைச் சாத்தியே வைத்திருப்போம். மழையும் கொசுவும் மட்டுமே காரணமில்லை என்பது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். பெண்கள் இருவர் மட்டும் இருக்கிற வீட்டின் கதவு திறந்திருந்தால், தெருவில் போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

2024 டிசம்பர் தொடக்கத்தில், கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் வலுவிழந்தும் அடங்காமல் எங்கள் பக்கம் வந்தது. கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தில், ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. பேருந்து நிலையம் அருகே நிறுத்தியிருந்த வண்டிகளை வெள்ளம் உருட்டிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்தோம். ஓசூரில் அவ்வளவு இல்லை. ஆனாலும் எங்கள் வேப்பமரக் கதவு ஈரத்தில் ஊதி நிலையோடு சிக்கிக்கொண்டது. கல்லூரியிலிருந்து வந்த நான் வெளியே, அம்மா உள்ளே. அரை மணி நேரம் இருவரும் ஒரே கதவை எதிரெதிர்ப் பக்கங்களில் நின்று மல்லுக்கட்டினோம்.

வெளிப்பக்கம் இன்னொரு கதவு போடுவது என்று அன்றே முடிவு செய்தேன். கீழே தகடு, மேலே வலை, சுற்றிலும் அலுமினியச் சட்டம். வந்து பார்த்த ஆசாரி அளவு எடுக்கவில்லை.

"சார் எப்ப மேடம் இருப்பாரு? அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டா நல்லது."

"இந்த வீட்டில் சார் கிடையாது."

"அண்ணன், தம்பி யாராச்சும்?"

மூன்று வாரம் ஆயிற்று. அவர் திரும்ப வரவில்லை.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. இந்த வீட்டுக்கு நிலை வைத்த நாளில், வங்கிக் கடன் என் பெயரில் இருந்தது. மஞ்சளும் குங்குமமும் இட்ட கை இன்னொருத்தியுடையது. விவாகரத்தானவள் நான், கணவரை இழந்தவர் அம்மா. எங்கள் இருவர் கையும் நிலைக்கு ஆகாது என்று தம்பதியாக ஓர் உறவினரை வரவழைத்திருந்தார்கள். நான் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பில் நெடுநல்வாடை நடத்தும்போதெல்லாம் அந்த நாள் நினைவுக்கு வரும். வாடைக்காற்றுக்குப் பயந்து ஊரே கதவைத் தாழிட்டிருக்கிற பாட்டு அது. அரண்மனை வாயிலை நக்கீரர் ஒரு தச்சரின் கண்ணோடு பார்க்கிறார். இரும்பால் பிணித்து, அரக்குப் பூசி, இடைவெளி தெரியாமல் பொருத்திய இரட்டைக் கதவு. நெய்யும் வெண்கடுகும் அப்பிய நெடிய நிலை. செய்தவர் கைத்தேர்ச்சி மிக்க தச்சர். பல வருடங்களாக இதை நடத்துகிறேன். ஒரு கீலைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அளவுநாடாவோடு வாசலில் உட்கார்ந்தேன். நிலையின் அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அளந்தேன். மூன்றும் மூன்று அளவு. மூலைக்கு மூலை குறுக்கே அளந்தபோது 8 மில்லிமீட்டர் வித்தியாசம். அத்தனை மஞ்சள் குங்குமம் கண்ட நிலை கோணலாகத்தான் நின்றிருக்கிறது! இருப்பதில் குறைந்த அகலத்தை எடுத்து, பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் விட்டு, அளவுச்சீட்டை அலுமினியக் கடையில் கொடுத்தேன். நான்கு நாளில் கதவு வந்தது.

கீலை எந்தப் பக்கம் வைப்பது என்பதில்தான் அதிகம் யோசித்தேன். வெளியே திறக்கும் கதவுக்குக் காற்றுதான் எதிரி. எங்களுக்குக் காற்று தென்மேற்கிலிருந்து வருவதால் கீல் தெற்குப் பக்கம் இருக்க வேண்டும். அப்போது காற்று கதவைச் சாத்தப் பார்க்கும். வடக்குப் பக்கம் வைத்தால், திறந்த கதவுக்குள் காற்று புகுந்து பிய்த்தெறிந்துவிடும். வசதிக்கு வடக்குதான். நான் தெற்கில் வைத்தேன்.

ஸ்க்ரூவைவிடச் சின்ன பிட்டால் முதலில் துளை போட்டேன். இல்லாவிட்டால் மரம் பிளக்கும். மேல் கீலை இறுக்கி முடித்துவிட்டுக் கீழ் கீலுக்கு வந்தால், கதவு நிலைப்படியில் உரசியது. கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றினேன். ஒரு துளை பெரிதாகிவிட்டது.

மாடியில் வாடகைக்கு இருக்கும் பெண் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்துகொண்டிருந்தாள். கைபேசித் தொழிற்சாலையில் வேலை. சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம். பையை இறக்கி வைத்தாள்.

"எல்லா ஸ்க்ரூவையும் மொதல்ல பாதிதான் ஏத்தணும் அக்கா. எல்லாம் உக்காந்த பிறகுதான் இறுக்கணும். எங்க லைன்ல அதுதான் மொதல் பாடம்."

பெரிதான துளையில் தீக்குச்சிகளைப் பசை தடவிச் செருகினோம். அவள் கதவைத் தூக்கிப் பிடிக்க, நான் பாதி பாதியாக ஏற்றினேன். கீழே அட்டைத் துண்டு வைத்து இடைவெளி பார்த்தாள். அவள் கை நடுங்கவே இல்லை.

"ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை ஸ்க்ரூ போடுவே?"

"யாரு எண்ணுனா? ஆனா ஊருக்குப் போனா பல்பு மாத்தக்கூட அப்பா தம்பியைத்தான் கூப்பிடுவார்" என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிப்காட் வந்து ஐம்பது வருடமாகிறது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசிக்கொண்டு விடியற்காலையில் கம்பெனிப் பேருந்துகளில் ஏறும் பெண்களின் கைகள் தினமும் எதையாவது பொருத்துகின்றன. அதே கை வீட்டுக்கு வந்ததும் ஒன்றும் தெரியாத கையாகிவிடுகிறது. இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே ஸ்க்ரூதான். கூலி உள்ள இடத்தில் அது வேலை. வீட்டில் அது ஆண்பிள்ளை சமாச்சாரம். பாட்டில் கதவைப் படித்துக்கொண்டே காப்பி கொடுத்த நானும் அதை நம்பியவள்தான்.

வேலை முடிந்தபோது அம்மா மஞ்சள் கிண்ணத்தோடு வந்தார். யாரைக் கூப்பிடலாம் என்று கேட்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. குனிந்து அவரே தடவினார். அப்பா போய்ப் பதினாறு வருடம் கழித்து. மாடிப் பெண் மூன்று குங்குமப் பொட்டு வைத்தாள்.

இப்போது மாலையில் மரக்கதவு திறந்திருக்கிறது. வலைக்கதவின் தாழ்ப்பாள் உள்பக்கம், எங்கள் பக்கம். அம்மா அவரை உரித்துக்கொண்டே தெருவைப் பார்க்கிறார். நின்று பார்ப்பவர்கள் இன்னும் நின்று பார்க்கிறார்கள். அம்மாவும் அவர்களைப் பார்க்கிறார்.

கீழ்க் கீல் மட்டும் கொஞ்சம் முனகுகிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் விட வேண்டும்.