வைடல் சீட்டும் வாய்ப்புண்ணும்

அக்டோபர் 14

தீபாவளி நெருக்கம். திருத்தங்கல் கிளினிக்கில் காய்ச்சல்காரர்கள் வாசல்வரை நிற்கிறார்கள். பட்டாசு ஆலையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன். காய்ச்சல், தொண்டை வலி, நெஞ்சில் செம்புள்ளிகள். “அம்மன் முத்துப் போட்டிருக்கா டாக்டரம்மா” என்று தாயார் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டிருக்கிறார். ஃபோர்மேனோ, பட்டாசு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றாராம். கந்தகமும் சில்வர் பொடியும் தோலை அரிக்கும், சரி. நெறி கட்ட வைக்குமா?

கையில் வைடல் சீட்டு. டைபாய்டு என்று ஊசியும் போட்டாயிற்று. ஒற்றை வைடலை வைத்துத் தீர்ப்பெழுதுவது நம்மூர்ப் பழக்கம். பழைய தொற்றும் தடுப்பூசியும்கூட அதில் ஏறிக் காட்டும். டெங்குவுக்கான என்எஸ்1 நெகட்டிவ்.

டார்ச் அடித்துப் பார்த்தேன். கன்னத்தின் உட்புறம் சிறு புண்கள். கழுத்திலும் அக்குளிலும் நெறி. தாயாரை மாத்திரை வாங்க அனுப்பிவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டேன். மூன்று வாரம் இருக்கும் என்றான், தரையைப் பார்த்தபடி.

அக்டோபர் 15

எச்ஐவி புகுந்த 2 முதல் 4 வாரத்தில் பலருக்கு இப்படியொரு காய்ச்சல் வந்து, தானாகவே போய்விடும். அப்போது ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கும். எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனையோ நெகட்டிவ் என்று சொல்லிவிடலாம்.

எச்ஐவி என்றதும் இந்த வட்டாரத்துக்கு நினைவு வருவது வேறொன்று. 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு ஏற்றிய ரத்தம் சிவகாசி ரத்த வங்கியிலிருந்து போனது. ரத்தம் கொடுத்தவர் வெளிநாட்டு வேலைக்காகத் தனியாரிடம் பரிசோதித்தபோதுதான் தனக்கு எச்ஐவி என்று அறிந்தார். தானே வந்து சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. 2016-லேயே அவர் கொடுத்த ரத்தத்தில் தொற்று தெரிந்திருந்தும் அவருக்குச் சேதி போகவில்லை. அது பரிசோதனையும் பதிவேடும் கைவிட்ட கதை. அதன்பின் இந்த வட்டாரம் ரத்தப் பையைக் கண்டு பயந்தது. இந்தக் காய்ச்சலைக் கண்டு யாரும் பயப்படவில்லை.

அக்டோபர் 17

எச்ஐவி பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் நெகட்டிவ். பையன் முகத்தில் சிரிப்பு. இது முடிவல்ல என்று புரியவைக்கப் பெரும்பாடு பட்டேன். வைரஸையே தேடும் பரிசோதனைக்கு மதுரைக்கு எழுதிக்கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும், அதுவரை ரத்தம் கொடுக்கக் கூடாது என்றேன். இங்கே வெடி விபத்தென்றால் பையன்கள் கூட்டமாய் ரத்தம் கொடுக்க ஓடுவார்கள்.

“கூப்பிட்டா என்ன சொல்ல டாக்டரம்மா?” என்றான். பிறகு அவனே, “டைபாய்டுன்னே சொல்லிக்கிடுதேன்” என்று அந்த வைடல் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.