மூடிக்கு ஓர் ஊர், மெஷினுக்கு ஓர் ஊர்

திங்கள்

பாகப்பிரிவினையில் தாத்தாவின் வெள்ளிப் பாக்கெட் வாட்ச் என் பங்குக்கு வந்தது. டயலில் 'வால்தம்' என்றிருப்பதால் வீட்டில் எல்லோருக்கும் அது 'அமெரிக்கா வாட்ச்'. பின்மூடியைத் திறந்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அமெரிக்காவுக்குச் சம்பந்தமே இல்லாத முத்திரைகள்: நடக்கும் சிங்கம், நங்கூரம், சின்ன 'எச்'. பக்கத்தில் 'ஏ.எல்.டி.'

செவ்வாய்

சிங்கமும் நங்கூரமும் இங்கிலாந்து முத்திரைகள். இடதுபுறம் பார்த்து முன்காலைத் தூக்கி நடக்கும் சிங்கம், ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி என்பதற்கு அத்தாட்சி. நங்கூரம், பர்மிங்காமில் மாற்றுப் பார்த்ததற்கு அடையாளம். கடலோரம் இல்லாத ஊருக்கு நங்கூரம்! அங்கே உலோகச் சோதனைக் கூடம் அமைக்க 1773-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டம் போட்டது. அதே சட்டத்தில் பிறந்த ஷெஃபீல்டு கூடத்துக்குக் கிரீடம் கிடைத்தது. லண்டனுக்குச் சிறுத்தைத் தலை.

பழைய ஆங்கில வெள்ளிச் சாமான்களில் ராஜா அல்லது ராணியின் தலையும் இருக்கும். 1784 முதல் 1890 வரை, வரி கட்டியதற்கான முத்திரை. 1798-இலேயே வாட்ச் கேஸுக்கு அந்த வரியை நீக்கிவிட்டார்கள். ஆகவே தலை இல்லை என்பதற்காக வாட்சைப் போலி என்று தள்ளிவிடக் கூடாது.

புதன்

ஒற்றை எழுத்து ஆண்டைச் சொல்லும். ஆனால் தனியாகச் சொல்லாது. அகரவரிசை முடிந்ததும் வேறு எழுத்துருவில் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் கணக்கும் வேறு. எனவே முதலில் ஊர், பிறகு எழுத்தின் சாயல், அதைச் சுற்றிய கட்டத்தின் வடிவம். பர்மிங்காமில் 1900-இல் சின்ன 'ஏ'யில் தொடங்கிய வரிசையில் 'எச்' என்றால் 1907. அங்கே அப்போது ஜூலையில்தான் எழுத்தை மாற்றினார்கள் என்பதால், 1908-இன் முற்பாதியும் இதில் அடங்கும்.

வியாழன்

ஏ.எல்.டி. என்பவர் ஆரன் லஃப்கின் டென்னிசன். 1850-இல் தொடங்கி பின்னாளில் வால்தம் கம்பெனியாக வளர்ந்த தொழிலை ஆரம்பித்தவர்களில் ஒருவர், அமெரிக்கர். அங்கிருந்து விலகி, பர்மிங்காமில் வாட்ச் கேஸ் செய்யும் பட்டறை வைத்தார். வால்தம் மெஷின்களுக்கே அவருடைய பட்டறை கேஸ் செய்து கொடுத்தது. ஆனால் அவர் இறந்தது 1895-இல்; என் கேஸ் சோதனைக்குப் போனதோ 1907-08-இல். அப்படியானால் இது ஆளின் கையெழுத்து அல்ல. கேஸைச் சோதனைக்கு அனுப்பி, அதற்குப் பொறுப்பேற்ற கம்பெனியின் முத்திரை.

வெள்ளி

கடைவீதி ரிப்பேர்காரரிடம் கொண்டுபோனேன்.

"எந்த ஊர் வாட்ச் பாய் இது?"

"மூடிக்கு ஓர் ஊர் தம்பி, மெஷினுக்கு ஓர் ஊர். மெஷின் நம்பரைத் தனியா எழுதிக்குங்க. கேஸ் நம்பரோட போட்டுக் குழப்பிக்காதீங்க."

உள்மூடியில் ஊசியால் கீறியது போன்ற எழுத்துகளைக் காட்டினார். அவை பழுதுபார்த்தவர்கள் தங்கள் கணக்குக்காகக் கீறி வைப்பவையாம். சிங்கத்தைத் தேடுகிறவர்கள் இவற்றைக் கவனிப்பதில்லை. வாட்ச் எத்தனை கை பார்த்தது என்று சொல்வது இவைதான்.

ஞாயிறு

"பாலிஷ் போட்டால் புதுசு மாதிரி ஆயிடும்" என்றார் அண்ணன். வேண்டாம் என்றுவிட்டேன். ஒவ்வொரு பாலிஷிலும் கொஞ்சம் வெள்ளி தேயும்; ஆழமில்லாத முத்திரையும் கீறலும் முதலில் போய்விடும். உங்கள் வீட்டுப் பெட்டியிலும் இப்படியொரு வாட்ச் கிடந்தால், துடைக்கக் கொடுப்பதற்கு முன் மூடிகளின் உட்புறத்தைப் படம் எடுத்து வையுங்கள். தேய்ந்த முத்திரையை எந்த ஆசாரியாலும் மீட்டுத் தர முடியாது.