பார்த்து வரைதல் குற்றமாகுமா?

கனடாவில் வாழும் என் பெறாமகன் ஒருவன் சேகரிப்பு அட்டைகளில் மிகுந்த விருப்பம் கொண்டவன். நம் காலத்தில் முத்திரைகளையும் தீப்பெட்டிப் படங்களையும் சேர்த்தோமே, அதுபோன்ற பழக்கந்தான். சித்திரக்கதை நாயகர்கள், திரைப்படப் பாத்திரங்கள், விளையாட்டு வீரர்கள் ஆகியோரின் படங்களை அட்டைகளில் அச்சிட்டுச் சிறு உறைகளில் அடைத்து விற்கிறார்கள். 1990களில் இந்த வணிகத்தில் ஒரு புதுமை சேர்ந்தது. ஆயிரக்கணக்கான அச்சு அட்டைகளுக்கிடையே எங்கோ ஓர் உறையில், ஓவியர் ஒருவர் தம் கையாலேயே வரைந்த அட்டை ஒன்று இருக்கும். அகலம் இரண்டரை அங்குலம், உயரம் மூன்றரை அங்குலம். அதைப்போல் இன்னொன்று உலகில் இல்லை என்பதே அதன் மதிப்பு.

அத்தகைய அட்டை ஒன்றை அவன் நல்ல விலை கொடுத்து வாங்கினான். சில வாரங்களின் பின்னர், அது பழைய சித்திரக்கதைப் புத்தகம் ஒன்றின் முகப்புப் படத்தைப் பார்த்து வரைந்தது எனக் கண்டுகொண்டான். நாயகன் நிற்கும் நிலை, கையின் வளைவு, முகத்தில் விழும் நிழல் எல்லாம் அதுவே. மூல ஓவியரின் பெயர் எங்கும் இல்லை.

“பெரியப்பா, இது அசலோ நகலோ? படம் இப்பவும் வடிவாத்தான் இருக்கு. ஆனா ஏமாந்து போனன் எண்டு மனம் சொல்லுது” என்று தொலைபேசியில் கேட்டான்.

ஒரு சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. ஏனெனில் நாம் நகல்களுக்கு நடுவிலேயே வளர்ந்தவர்கள்.

யாழ்ப்பாணத்து வீடுகளின் சாமியறையில் கண்ணாடிச் சட்டமிட்டு மாட்டப்பட்ட இலட்சுமி, சரஸ்வதி படங்களை நினைத்துப் பாருங்கள். தாமரை மீது நிற்கும் இலட்சுமியும் வீணை ஏந்திய சரஸ்வதியும் இன்று நம் கண்ணில் நிலைத்திருக்கும் வடிவத்தைப் பெற்றதில் ரவிவர்மாவுக்குப் பெரும் பங்கு உண்டு. 1848இல் கிளிமானூரில் பிறந்த அவர், 1894இல் பம்பாயில் அச்சுக்கூடம் ஒன்றை நிறுவித் தம் ஓவியங்களை வண்ணக் கல்லச்சில் பதிப்பித்தார். அச்சுக்கூடம் பின்னர் லோனாவாலாவுக்கு அருகிலுள்ள மளவலிக்கு இடம்பெயர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்ஸ் ஷ்லைகர் என்ற ஜெர்மானியரின் கைக்கு மாறியது. 1906இல் ரவிவர்மா மறைந்த பின்னரும் படங்கள் அச்சாகிக்கொண்டே இருந்தன. தீப்பெட்டியிலும் துணிக்கட்டின் முத்திரைத் தாளிலும் அவர் வரைந்த தேவியர் காட்சியளித்தனர்.

அந்த ரவிவர்மாவும் பார்த்துக் கற்றவரே. திருவிதாங்கூர் அரண்மனை ஓவியரான மதுரை இராமசாமி நாயக்கர் அவருக்குக் கற்பிக்க இணங்கவில்லை என்பர். 1868இல் தியடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்து வரைந்தபோது, அருகில் நின்று பார்க்க மட்டுமே இளைஞர் ரவிவர்மாவுக்கு வாய்ப்புக் கிடைத்தது. எண்ணெய் வண்ண நுட்பம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. ஆனால் அவர் தீட்டிய சரஸ்வதியை எந்த ஐரோப்பியரும் தீட்டியதில்லை. கடன் வாங்கிய கையால் தன் கண் கண்டதை வரைந்தார்.

அச்சுப் படத்தை வாங்கியவர்களும் சும்மா இருக்கவில்லை. தேவியின் சேலைமீது உண்மையான பட்டுத்துணியை ஒட்டி, சரிகை இழைத்து, மணிகள் தைத்து அலங்கரித்த ரவிவர்மாப் படங்கள் இன்று அரும்பொருட் சேகரிப்புகளில் இடம்பெற்றுள்ளன. ஒரே கல்லில் அச்சான பல்லாயிரம் படங்களுள் அந்த ஒன்று மட்டும் தனியாகிவிடுகிறது. தைத்தவர் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது.

அடுத்த தலைமுறையில் கோவில்பட்டியைச் சொல்ல வேண்டும். அவ்வூர் முன்னர் தமிழ்நாட்டுத் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அங்கு வாழ்ந்த சி. கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைந்தவர். சிவகாசி அச்சகங்களின் கலண்டர்கள் வழியே அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்த தெய்வ உருவங்கள் தமிழர் வீடுகளை நிறைத்தன. குருவின் உருவங்களை மாணவர் மீண்டும் மீண்டும் வரைந்தனர். அதை அங்கு எவரும் திருட்டென்று சொல்லவில்லை. படத்தின் அடியில் குருவின் பெயரும் டி.எஸ். சுப்பையா போன்ற மாணவரின் பெயரும் சேர்ந்தே நின்றமை எனக்கு முக்கியமாகப் படுகிறது. யாரிடமிருந்து வந்தது, யார் கையால் வந்தது என்ற இரண்டையும் பார்ப்பவர் அறிந்துகொண்டார்.

மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. பார்த்து வரைவதே ஓவியம் என்று பிள்ளைகளைப் பழக்கினால் கை தேறும், கண் தேறாது. பிரித்தானியர் ஆட்சிக்கால இலங்கைப் பாடசாலைகளில் சித்திரப் பாடம் பெரும்பாலும் அப்படித்தான் இருந்தது. 1920களில் சித்திரப் பரிசோதகராக இருந்த சி.எப். வின்சர், பிள்ளைகள் தாம் கண்டதையும் கற்பனை செய்ததையும் வரையவேண்டும் என்று வலியுறுத்தினார். யாழ்ப்பாணத்தில் எஸ்.ஆர். கனகசபை 1938இல் தொடங்கிய ஓவியக் கழகம் அந்த வின்சரின் பெயரையே தாங்கியது. நம் மண்ணின் நவீன ஓவியத்துக்கு அது ஒரு தொடக்கம்.

என் தொழிலிலும் இதே வழக்கு உண்டு. ஈயெழுத்துக் கோத்து அச்சிட்ட காலத்தில், சிறுகதைக்கு ஓவியர் வரைந்து தரும் கோட்டுச் சித்திரம் புளொக் செய்யப் போகும். ஞாயிறு இதழில் ஆயிரமாயிரம் பிரதிகளாக அந்தப் படம் வீடு வீடாகச் செல்லும். மூலச் சித்திரமோ மேசை இழுப்பறையில் சில நாள் கிடந்து குப்பையோடு போய்விடும். அதேபோல, வேறோர் ஏட்டிலிருந்து கட்டுரையை எடுத்தால் அடியில் ‘நன்றி’ என்று போட்டு அதன் பெயரைக் குறிப்பிடுவது பத்திரிகை மரபு. அந்த ஒரு வரியை விட்டுவிட்டு வெளியான பிறர் எழுத்துக்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இடம் போதவில்லை என்பதே வழக்கமான காரணம். ஒரு வரிக்கு இடமில்லாத பத்திரிகையை நான் கண்டதில்லை.

ஆகவே பெறாமகனுக்கு இப்படிச் சொன்னேன். அழகு வேறு, அசல் வேறு. பார்த்து வரைந்த படமும் அழகாயிருக்கலாம்; அதை இரசித்ததற்காக நீ வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் நீ விலை கொடுத்தது ஓவியரின் கைக்கு மட்டுமன்று, அவருடைய எண்ணத்துக்கும் சேர்த்தே. எண்ணம் இன்னொருவருடையது என்பதை அவர் உனக்குச் சொல்லியிருக்க வேண்டும். ‘இன்னாருடைய ஓவியத்தைத் தழுவியது’ என்று அட்டையின் பின்புறத்தில் எழுதியிருந்தால் உன் மனம் இவ்வளவு நொந்திராது. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் ஓவியரின் உரிமையை அவர் வாழ்நாளுக்கும் அதன்பின் 70 ஆண்டுகளுக்கும் காப்பதோடு, தம் படைப்பில் தம் பெயர் இடம்பெறும் உரிமையையும் தனியே கூறுகிறது. பணத்தைவிடப் பெயர் வேறானது என்பதைச் சட்டமும் அறிந்திருக்கிறது. கணினியிடம் ஒரு வாக்கியம் எழுதிக் கொடுத்தால் எவருடைய பாணியிலும் படம் வந்துவிழும் இந்நாளில், அந்த உரிமை முன்னிலும் அவசியமாகிறது.

நகல் என்ற சொல்லை இழிவாகச் சொல்ல என் நாக்குத் தயங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியோடு சேர்ந்தது. 1974இல் அங்குள்ள பரமேஸ்வராக் கல்லூரி வளாகத்தில் தொடங்கியதே இன்றைய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம். அப்பல்கலைக்கழகத்தின் கலைவரலாற்று ஆசிரியரும் ஓவியருமான தா. சனாதனன், போரினால் வீடிழந்து இடம்பெயர்ந்த மக்களிடம் அவர்கள் வாழ்ந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து வரைந்து தருமாறு கேட்டார். வரையத் தெரியாதவர்களும் வரைந்தனர். கிணறு, வேப்பமரம், மாட்டுக்கொட்டில் எல்லாம் அவரவர் கைக்கோட்டில் வந்தன. அதே வீட்டைக் கட்டடக்கலைஞர் முறைப்படி வரைந்த படமும், அதற்குச் சனாதனன் தீட்டிய ஓவியமும் அருகருகே வைக்கப்பட்டன. ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்புடன் 2011இல் அது நூலாயிற்று. தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு.

அந்த நூலில் ஒரு வீடு மூன்று முறை வரையப்படுகிறது. அவற்றுள் எது மூலம், எது நகல்? வீடே இல்லை என்றான பின்னர், கோணல்மாணலாக வரைந்த அந்தத் தாள்தான் வீட்டின் ஒரே சாட்சி. கை நடுங்கிய இடமும் அதில் பதிந்திருக்கிறது.

நம் குடும்பங்கள் பலவற்றில் இன்னும் சில கைச்சித்திரங்கள் எஞ்சியிருக்கும். பாடசாலைச் சித்திர ஆசிரியர் வரைந்து கொடுத்த பாட்டனாரின் உருவப்படம், நண்பர் மைதீட்டி அனுப்பிய பொங்கல் வாழ்த்து அட்டை, ரவிவர்மாவைப் பார்த்து ஊர் ஓவியர் தீட்டிய சரஸ்வதி. அவை பெட்டிகளோடு பெட்டிகளாக ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் சிட்னிக்கும் போயிருக்கும். வரைந்தவரை அறிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துவருகிறார்கள். வீட்டில் மூத்தவர்கள் இருக்கும்போதே கேட்டு, படத்தின் பின்புறத்தில் வரைந்தவர் பெயரையும் ஊரையும் பென்சிலால் எழுதி வையுங்கள். எதைப் பார்த்து வரைந்தார் என்பது தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.